ஆண்டிபட்டியில் ஆறு மணிக்கு ஒரு ரயில்

போன மாசம் அம்மாவுக்கு மதுரையில் ஸ்கேன். காலை ஒன்பதரைக்கு இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆண்டிபட்டியில் இருந்து கிளம்புவதற்கு அம்மா முந்தைய நாள் ராத்திரியே தயாராகிவிட்டார். தயார் என்றால் பையும் ஃபைலும் எடுத்து வைப்பது இல்லை. ராத்திரி எட்டு மணியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவது. சர்க்கரை, அதோடு வயது எழுபதைத் தொட்டாச்சு, பஸ் ஏறினால் நடுவில் எங்கே இறங்குவது என்ற பயம். உசிலம்பட்டியில் பஸ் நிற்கும்தான், ஆனால் கண்டக்டரிடம் சொல்லி, இறங்கி, அந்தக் கழிவறையைத் தேடிப் போய், திரும்பி வருவதற்குள் பஸ் விசில் கொடுத்துவிடும். அம்மா அதற்குக் கண்டுபிடித்த வழி தண்ணீரே குடிக்காமல் இருப்பது.

ஸ்கேன் சென்டரில் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "பாட்டி, தண்ணி நிறைய குடிச்சிட்டு வந்தீங்களா?" என்று. ஒன்றரை லிட்டர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, குடித்து, மூத்திரப்பை நிறையும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பதினொன்றே முக்கால் ஆனது. அப்போதுதான் அம்மா சொன்னார், "ரயில் வந்துச்சு வந்துச்சுனு மாலை எல்லாம் போட்டீங்களே, அது எப்பப்பா காலைல மதுரைக்குப் போகும்?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மதுரையில் இருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை ஒரு கிளைப் பாதை இருக்கிறது. கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், அதோடு முடிந்தது, அந்தப் பக்கம் மலை. 1928-ல் போட்ட பாதை. ஏலக்காயும் மலையில் இருந்து இறங்கும் மற்ற சரக்கும் போவதற்காக வந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஐம்பதுகளில்தான் திரும்பப் போட்டார்கள். அப்புறம் 2010 கடைசியோடு மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள், அகலப் பாதையாக மாற்றப் போகிறோம் என்று. நான் அந்தப் பழைய வண்டியில் நிறையப் போயிருக்கிறேன். ஆண்டிபட்டிக் கணவாயில் அது ஏறுகிற வேகத்துக்கு, இறங்கி ஒரு கொய்யாக்காய் பறித்துக்கொண்டு கடைசிப் பெட்டியில் ஏறிவிடலாம் என்று எங்கள் மாமா சொல்வார். பறித்ததை நான் பார்த்ததில்லை.

மாற்றி முடிக்கப் பதினோரு வருடத்துக்கு மேல் ஆனது. பணம் ஒதுக்குவது ஒரு பக்கம், அந்தக் கணவாயில் பாறையை உடைத்து அகலப்படுத்துவது இன்னொரு பக்கம். ஒருவழியாக 2022 மே 26 அன்று தேனி வரைக்கும் பிரதமர் தொடங்கி வைத்தார். மதுரை–தேனி 75 கிலோமீட்டருக்கு மட்டும் 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. எஞ்சினுக்கு மாலை, தேங்காய், வெடி, எல்லாம் நடந்தது. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா போய் வருவதற்காகவே டிக்கெட் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். 2023 ஜூன் 15-ல் போடி வரை வந்தது, கூடவே சென்னை சென்ட்ரலுக்கு ஒரு எக்ஸ்பிரஸும் கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள்.

இதெல்லாம் சந்தோஷம்தான், குறை சொல்லவில்லை. இப்போது நேரத்தைப் பாருங்கள்.

தினசரி ஓடுவது ஒரே ஒரு முன்பதிவில்லா வண்டி. காலை 8.20 வாக்கில் மதுரையில் கிளம்புகிறது. ஒன்பதரை சுமாருக்குத் தேனி, பத்து மணி தாண்டிப் போடி. அப்புறம் சாயங்காலம் 5.50-க்குப் போடியில் கிளம்பி, எட்டு மணிக்கு முன்னே பின்னே மதுரை. அவ்வளவுதான். அதாவது மதுரைக்காரர் ஒருவர் காலையில் தேனிக்கு வந்து வேலை பார்த்துவிட்டு இரவு வீட்டுக்குப் போகலாம். தேனி பக்கம் வேலை பார்க்கிற ஆசிரியர்கள், ஆபீஸ் ஊழியர்கள் சிலர் அப்படித்தான் வந்து போகிறார்கள், அவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் ஆண்டிபட்டிக்காரன், தேனிக்காரன், போடிக்காரன் காலையில் மதுரைக்குப் போக வேண்டும் என்றால்? ரயில் எதிர்த் திசையில் வந்துகொண்டிருக்கும். மதுரைக்குப் போகிற ஒரே வண்டி பொழுது சாயும்போது. ராத்திரி எட்டு மணிக்கு மதுரை ஜங்ஷனில் இறங்கி எந்த டாக்டரைப் பார்ப்பது, எந்தக் கோர்ட்டுக்குப் போவது, எந்தக் காலேஜுக்குப் போவது?

போகிற கூட்டம் யார் யார் என்று இந்தப் பக்கம் இருக்கிற யாருக்கும் தெரியும். ஹைகோர்ட் கிளை மதுரையில். பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் மதுரையில். சக்கம்பட்டி நெசவாளர் சேலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போவதும் அங்கேதான், கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பதும் அங்கேதான். தேனியும் ஆண்டிபட்டியும் காலையில் மதுரையைப் பார்த்துத்தான் நகரும். மதுரை காலையில் ஆண்டிபட்டியைப் பார்த்து நகராது. இந்த ஒரு விஷயம் அந்த டைம்டேபிளைப் போட்டவர்களுக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் முடியவில்லையா?

முடியாததற்குக் காரணம் இருக்கிறது என்று ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தெரிந்த அண்ணன் ஒருவர் விளக்கினார். வண்டிக்கு வீடு மதுரை. பெட்டிகளைக் கழுவுவது, பார்ப்பது, தண்ணீர் ஏற்றுவது எல்லாம் அங்கே. டிரைவர், கார்டு வீடும் அங்கே. காலை ஆறு மணிக்குப் போடியில் வண்டி கிளம்ப வேண்டும் என்றால் முந்தின ராத்திரி அந்த வண்டி போடியில் தூங்க வேண்டும், அதை ஓட்டுகிறவர்களும் தூங்க வேண்டும். அவர்களுக்கு ஓய்வறை, சாப்பாடு, ராத்திரி காவல். "தம்பி, ரயில் ஓட்டுறது ஈசி, அதைத் தூங்க வைக்கிறதுதான் கஷ்டம்" என்றார். எனக்கு இந்த வாக்கியம் ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஏன் என்றால், நான் ஒரு நாள் வேலையாகப் போடிக்குப் போனபோது மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தேன். காலையில் வந்த வண்டி அப்படியே நிற்கிறது. வெயிலில், கதவெல்லாம் திறந்து கிடக்க, உள்ளே இரண்டு நாய் படுத்திருக்கிறது. பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, மேலே மேகம், போட்டோவுக்கு அவ்வளவு அழகு. பத்து மணி தாண்டி வந்தது சாயங்காலம் ஐந்து ஐம்பது வரை, ஏழு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. சென்னை வண்டியும் இதே கதைதான். செவ்வாய், வியாழன், சனி காலையில் வருவது ராத்திரி எட்டரைக்குத்தான் கிளம்பும், அதிலும் சனிக்கிழமை வந்தது ஞாயிறு ராத்திரி வரை போடியிலேயே நிற்கும். ரயிலைப் பகலில் தூங்க வைக்கத் தெரிகிறது, ராத்திரி தூங்க வைக்கத்தான் முடியவில்லை.

சரி, நான் கேட்பது என்ன என்று கணக்குப் போட்டே சொல்கிறேன். இப்போது ஓடுகிற எதையும் மாற்ற வேண்டாம். மதுரையில் காலை 8.20, போடியில் சாயங்காலம் 5.50, இரண்டும் அப்படியே இருக்கட்டும், மதுரையில் இருந்து வருகிறவர்கள் வயிற்றில் அடிக்க வேண்டாம். எட்டு மணிக்கு மதுரை போய்ச் சேர்ந்த வண்டி அங்கே ராத்திரி படுப்பதற்குப் பதில், எட்டே முக்கால் வாக்கில் திரும்பக் கிளம்பிப் போடிக்கு வந்து படுக்கட்டும். மறுநாள் காலை ஐந்தரைக்கு முன்னே பின்னே போடியில் எடுத்தால், தேனி ஆறுக்கு முன்னால், ஆண்டிபட்டி ஆறேகால், ஏழரைக்கு மதுரை. அதே வண்டி 8.20-க்குத் திரும்பலாம். புதுசாக ஒரு பெட்டி வேண்டாம், ஒரு எஞ்சின் வேண்டாம். கூடுதலாக ஓடுவது ஒரு போக்கும் ஒரு வரத்தும்தான். கழுவுவதற்கும் பார்ப்பதற்கும் வாரத்தில் ஒரு நாள் மதுரையில் இருக்கிற வேறு ரேக்கை, அதாவது வேறு பெட்டி வரிசையை, மாற்றி விட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் மதுரையில் நிற்கிற நேரத்தில் தண்ணீர் ஏற்றிக்கொள்ளலாம். போடியில் நாலு பேர் படுக்க இரண்டு ரூம் வேண்டும். 500 கோடி செலவழித்த இடத்தில் இரண்டு ரூம்.

ஒற்றைப் பாதை என்பதால் சென்னை வண்டி ஓடுகிற நாட்களில் கிராசிங் பார்க்க வேண்டியிருக்கும், அதை மறைக்கவில்லை. காலையில் அது மதுரையை விட்டுக் கிளம்புகிற நேரமும் நம் வண்டி மதுரையை நெருங்குகிற நேரமும் ஒட்டி வருகிறது. ராத்திரியும் வழியில் எங்கேயாவது ஒன்றுக்கொன்று வழி விட வேண்டும். பத்து நிமிஷம், இருபது நிமிஷம் நிற்கும். நிற்கட்டுமே. பஸ்ஸில் செக்கானூரணி தாண்டியதும் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பது எனக்கும் தெரியும், கண்டக்டருக்கும் தெரியும்.

இன்னொரு பதில் ஒன்று வரும், அதுதான் எனக்கு ஆத்திரம். "இருக்கிற வண்டியிலேயே எல்லா நாளும் கூட்டம் இல்லையே, இன்னொன்று எதற்கு?" என்பது. கல்யாண வீட்டில் பந்தியைச் சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டுவிட்டு யாருக்கும் பசியில்லை என்று சொல்கிற மாதிரி. ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் காலை ஆறில் இருந்து ஏழரை வரை நின்று பார்த்தால் போதும். தேனியிலேயே நிறைந்து வருகிற பஸ்ஸில், படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு, ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள்தான் அந்த வண்டியின் கூட்டம். அவர்களை எந்த டிக்கெட் கவுன்டரும் எண்ணியதில்லை, ஏனென்றால் அவர்கள் ஏறுவதற்கு அந்த நேரத்தில் வண்டி இருந்ததே இல்லை.

காசு விஷயமும் இருக்கிறது. 2022-ல் வண்டி விட்டபோது எக்ஸ்பிரஸ் கட்டணம்தான், மதுரை–தேனிக்கு 45 ரூபாய். 2024 பிப்ரவரியில் பழையபடி சாதாரணக் கட்டணம் வந்த பிறகு அது 20 ரூபாய். பஸ்ஸுக்குக் கொடுப்பதைவிட ரொம்பக் குறைவு. பெண்களுக்கு இலவசம் என்பது டவுன் பஸ்ஸில்தான், மதுரை பஸ்ஸில் அம்மாவுக்கு முழு டிக்கெட். அதைவிட, எங்கள் பஸ் எல்லாம் ஆரப்பாளையத்தில் விடும், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். ரயில் என்றால் ஊருக்கு நடுவில், ஜங்ஷனில் இறங்கி வெளியே வந்தால் பெரியார் பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரம்.

அப்புறம் ரயில் வருகிற நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் ஒரு டவுன் பஸ் நிற்க வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பேச்சுதான். தேனியில் இறங்கிப் புதுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசில் மதுரைக்கே நாலு தடவை ரயிலில் போய் வரலாம். கம்பம், சின்னமனூர்க்காரர்கள் இதனாலேயே ரயில் பக்கம் திரும்புவதில்லை. ரயில்வேக்கும் பஸ்காரர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை போல. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசிக்கொள்ளாத ஓரகத்திகள் மாதிரி.

நானும் மனு எழுதிப் போட்டேன். பதிவுத் தபாலில். ஒப்புகைச் சீட்டு வந்தது, பத்திரமாக வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. தெருவில் சொன்னபோது ஒருவர் கேட்டார், "ஒருத்தன் எழுதினா என்ன ஆகப் போகுது, ஊரே எழுதணும்" என்று. சரி, பேப்பர் கொண்டு வருகிறேன், முதல் கையெழுத்து நீங்கள் போடுங்கள் என்றேன். போட்டார். இப்போது 114 கையெழுத்து ஆகியிருக்கிறது. இரண்டு டீக்கடை, ஒரு நெசவாளர் தெரு, அம்மாவோடு கோயிலுக்குப் போகிற பாட்டிகள் அத்தனை பேரும். ஒரு பாட்டி கைநாட்டு வைத்துவிட்டு, "வண்டி வந்தா சன்னலோரம் எனக்குப் போட்டு வையி" என்று சொல்லியிருக்கிறார். உசிலம்பட்டி, தேனி, போடி பக்கம் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் உங்கள் தெருவில் ஒரு பேப்பரை ஆரம்பியுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கொண்டு போய்க் கொடுப்போம்.

அம்மாவுக்கு அடுத்த ஸ்கேன் வருகிற செவ்வாய்க்கிழமை. அதே ஒன்பதரை மணி. இந்தத் தடவை சைக்கிள் கடைக்காரர் மகனுடைய கார் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் சரி. இல்லையென்றால் ஐந்தே முக்கால் பஸ், மடியில் தண்ணீர் பாட்டில், ஆரப்பாளையத்தில் இறங்கிய பிறகுதான் மூடியைத் திறப்பேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.