சென்ட்ரல் வேல்யுவேஷன் ஆர்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

ஒருவழியாகச் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதற்கான அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், வந்துவிட்டது. ஆனாலும் ஊரில் நான் படித்து, பிறகு வரலாறும் நடத்திய கல்லூரியின் அலுவலகத்தை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

கணவரோடு, குடும்பத்தினருக்குத் தரும் டிப்பெண்டன்ட் பாஸில் சிங்கப்பூர் வந்தவள் நான். 2021 மே முதல், எங்களைப் போன்றவர்கள் வேலைக்குச் சேரத் தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும். இன்டர்வியூ, மாதிரி வகுப்பு எல்லாம் நல்லபடியாக முடிந்தன. 2023 செப்டம்பரில் வந்த, விண்ணப்பத்துக்குப் புள்ளி போடும் காம்பஸ் முறையில் 40 புள்ளி தேறவேண்டுமே, அதற்காகப் பட்டங்களையும் சரிபார்த்தாயிற்று. ஒன்று மட்டும்: வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகள் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவை, பிறகு, 2002இல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கு மாறியவை. படிவத்தில் உங்கள் சான்றிதழில் அச்சாகியிருக்கும் பெயரையே எழுதுங்கள்.

தலைவலி கொடுத்தது அனுபவச் சான்றிதழ்தான். கல்லூரி கொடுத்திருந்ததில் "பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்" என்று இரண்டே வரி. இங்கே மனிதவளப் பிரிவில் கேட்டதோ எந்தத் தேதியிலிருந்து எதுவரை, முழுநேரமா, என்னென்ன தாள் நடத்தினேன் என்று. சம்பளமே அதை வைத்துத்தானாம்.

போன் செய்தால் கிளார்க், "ரிஜிஸ்டர் எல்லாம் பழைய பில்டிங்ல இருக்கு மேடம், லீவு முடியட்டும்" என்றார். லீவு முடிந்தது, பரீட்சை வந்தது. கடைசியில் வந்த கடிதத்தின் தலைப்பில் ஜிமெயில் முகவரி! இங்கே ஏற்கவில்லை. கல்லூரியின் சொந்த மெயிலுக்குப் பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை. வெப்சைட் செய்த பையன் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டானாம். விடுமுறையில் நேரிலேயே போய் நின்றேன். பிரின்சிபால் வெளியூர், கிளார்க் டீக்கடையில்.

காப்பாற்றியது பீரோவில் கிடந்த பழைய ஃபைல். விடைத்தாள் திருத்தப் பல்கலைக்கழகம் அனுப்பிய சென்ட்ரல் வேல்யுவேஷன் ஆர்டர்கள் அதில் வருஷவாரியாக இருந்தன. என் பெயர், பதவி, கல்லூரி, பாடம், தேதி, கையெழுத்து, எல்லாம் ஒரே தாளில். சம்பளம் ஏறிய பேங்க் பாஸ்புக்கையும் சேர்த்து அனுப்பினேன், அப்புறம் ஒரு கேள்வியும் வரவில்லை. சுயநிதிக் கல்லூரியில் இருப்பவர்கள் ரிலீவிங் ஆர்டர் வாங்கும் அன்றே அனுபவச் சான்றிதழையும் தாள்வாரியாக எழுதி வாங்கிவிடுங்கள்.

போன வாரம் அதே கிளார்க் போன் செய்தார். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறதாம், முன்னாள் மாணவர் சாதனை ஃபைலில் வைக்க என் புது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் காப்பி உடனே வேண்டுமாம். லீவு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.