வீட்டில் ஒரு ஸ்டெப்பர்ஸ் டப்: மூன்றாவது வாரம்

இந்த வாரமும் டிராக் முடியவில்லை. ஆனால் பீரோ ஏன் உறுமுகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

டப் என்றால் டிரம்மையும் பேஸையும் முன்னால் நிறுத்தி, மற்றதை எக்கோவில் கரைக்கும் ஜமைக்கா ரெக்கே வகை. 1980களின் கடைசியில் லண்டன் வீட்டறைகளில் மெஷின்களை வைத்துச் செய்த டிஜிட்டல் டப் மாதிரி ஒன்றை, கிட்டத்தட்ட அவர்களுக்கு இருந்த வசதியோடு செய்து பார்ப்பதுதான் திட்டம். நாலே டிராக். டிரம் ஒன்று, பேஸ் ஒன்று, கீபோர்டு வெட்டு (சட்டென்று வெட்டி நிறுத்தும் கார்டு) ஒன்று, மெலோடிகாவும் (வாயால் ஊதி வாசிக்கும் சின்ன கீபோர்டு) சைரனும் சேர்ந்து ஒன்று. லேப்டாப்பில் நூறு டிராக் போடலாம்தான். போட்டால் டப் வராது, பாயசம்தான் வரும்.

ஏன் அந்தக் காலம்? 1985இல் ஜமைக்காவில் கிங் ஜாமி என்ற இசைத் தயாரிப்பாளர், கேஸியோ எம்டி-40 என்ற சின்ன கீபோர்டில் கம்பெனியே வைத்துக் கொடுத்த ‘ராக்’ தாளத்தின் மேல் வேய்ன் ஸ்மித்தைப் பாடவைத்து ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ பாட்டைக் கொண்டுவந்தார். (அந்தத் தாளத்தை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண்.) அதன் பிறகு ஜமைக்கா டான்ஸ்ஹால் என்ற ஆட்டத்துக்கான ரெக்கே பக்கம் வேகமாகத் திரும்பியது. லண்டனில் ஜா ஷாகா போன்றவர்களோ தங்கள் சவுண்ட் சிஸ்டத்தில் (பெரிய ஸ்பீக்கர்களோடு இசைத்தட்டு போடும் செட்) ரூட்ஸ் என்ற பழைய பக்தி ரெக்கேயையும் டப்பையும் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஜமைக்காவிலிருந்து அந்த மாதிரிப் புதுச் சரக்கு வருவது குறையவே, இங்கிலாந்து ஆட்களே செய்ய ஆரம்பித்தார்கள். டிசைப்பிள்ஸ் என்ற பெயரில் இயங்கிய ரஸ், லோல் சகோதரர்கள் ஷாகா போடுவதற்கென்றே டிராக் செய்து கொடுத்தவர்கள். இதற்கெல்லாம் முன்னோடி, 1979இல் தெற்கு லண்டன் தார்ன்டன் ஹீத்தில் தன் வீட்டு முன்னறையிலேயே அரிவா ஸ்டூடியோவைத் தொடங்கிய மேட் புரொஃபசர். எனக்குப் பிடித்தது இதுதான்: ஜமைக்காவில் டான்ஸ்ஹாலுக்குப் போன அதே ரக மலிவு மெஷின்கள், லண்டனில் ரூட்ஸுக்கு உழைத்தன.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

வேகம் நிமிடத்துக்கு 136 அடி. கிக் (தடித்த டிரம்) ஒவ்வொரு அடிக்கும் விழும், மூன்றாவதில் ஸ்னேர் (சடாரென்று விழும் டிரம்), இரண்டிலும் நாலிலும் கீபோர்டு வெட்டு. ஸ்டெப்பர்ஸ் என்றால் அவ்வளவுதான், பத்து நிமிட வேலை. முதல் வாரம் முழுக்க அடித்துத் தின்றது எக்கோ.

அந்தக் கால ஆட்கள் விரும்பிய ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ என்ற எக்கோ மெஷினுக்குள் டேப் சுற்றிக்கொண்டே இருக்கும். திரும்பி வரும் ஒவ்வொரு சத்தமும் முந்தையதைவிடக் கொஞ்சம் மங்கலாக இருக்கும். என்னிடம் இருப்பது எக்கோ போடும் ஒரு பழைய டிஜிட்டல் டிலே பெடல். அதில் எல்லாம் ஜெராக்ஸ் காப்பி மாதிரி ஒரே கூர்மையோடு வந்து விழுகிறது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பழைய வித்தை நினைவுக்கு வந்தது. பெடலிலிருந்து வருவதை மிக்சரில் தனிச் சேனலாக வாங்கி, அதில் டிரெபிளைக் குறைத்து, அந்தச் சேனலிலிருந்தே மறுபடி பெடலுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் கொஞ்சம் தேய்கிறது. நாலாவது சுற்றில் ஸ்னேர், தூரத்தில் யாரோ கதவு சாத்துவது போல ஆகிவிட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இதில் ஒரு ஆபத்து. பெடலுக்கு அனுப்பும் அளவைக் கூட்டுகிற அந்தச் சென்ட் குமிழை ஒரு மயிரிழை கூடுதலாகத் திருப்பினால் சத்தம் தன்னைத்தானே தின்று வளரும். இரவு பதினொன்றுக்கு அதைத்தான் செய்தேன். கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்து, “தம்பி, கரண்ட்டுல ஏதாவது கோளாறா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எக்கோவின் இடைவெளிக்கும் கணக்கு இருக்கிறது. 60,000ஐ 136ஆல் வகுத்தால் ஒரு அடிக்கு 441 மில்லிசெகண்ட். அதில் முக்கால் பங்கு, அதாவது 331, வைத்தால் எக்கோ தாளத்துக்கு நடுவே நழுவி நழுவி விழும். பெடல் குமிழில் எண் கிடையாது. காதை வைத்துத்தான் திருப்பினேன். கொஞ்சம் பிசகித்தான் நிற்கிறது. பிசகியதுதான் நன்றாகவும் இருக்கிறது.

இப்போது பீரோ. பேஸ் ஜி மைனர் ஸ்கேலில். கீழ் ஜி சுரம் கிட்டத்தட்ட 49 ஹெர்ட்ஸ். லேப்டாப் ஸ்பீக்கரில் அது சுத்தமாகக் கேட்காது. ஹெட்போனில் கேட்டது. பெரிய ஸ்பீக்கரில் போட்டால் ஜி வரும்போதெல்லாம் பீரோ கதவு உறுமுகிறது. அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு ஹேங்கரைச் செருகியதும் அடங்கியது.

இந்த இசை வீட்டு ஸ்பீக்கருக்குச் செய்ததே இல்லை. ஆளுயரப் பெட்டிகளுக்காகச் செய்தது. ஷாகா ஒரே ஒரு டர்ன்டேபிளை வைத்துத்தான் இரவு முழுக்க ஓட்டியவர். தட்டு மாற்றும் இடைவெளியைச் சைரனும் பேச்சும் நிரப்பின. பேஸை மொத்தமாக வெட்டிவிட்டுத் திரும்ப விடும்போது கூட்டம் வயிற்றில் உணரும். அதை நான் எங்கே போய்ச் சோதிப்பது?

மைக் செட் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கல்யாணம், கோயில் கொடை என்று வாடகைக்குக் கொடுப்பவர். ஞாயிறு மதியம் அவருடைய குடோனில் இரண்டு பேஸ் பாக்ஸை இணைத்துப் போட்டுப் பார்த்தோம். ஜி விழுந்ததும் ஷட்டர் அதிர்ந்தது. அடுத்து என் பேஸ் வரி கீழே டி-க்கு இறங்கும், 37 ஹெர்ட்ஸ் பக்கம். அங்கே ஒன்றுமே இல்லை. ஹெட்போனில் அவ்வளவு அழகாக இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. “தம்பி, அதுக்குக் கீழ நம்ம பாக்ஸ் போகாது” என்றார் அண்ணன். மூன்று வாரம் கேட்டும் எனக்குப் பிடிபடாததை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

ஆக மொத்தப் பாட்டையும் ஏ மைனருக்கு ஏற்றுகிறேன். அப்போது கடைசிச் சுரம் ஈ, 41 ஹெர்ட்ஸ், பாக்ஸ் தாங்கும் என்கிறார். மெலோடிகாவை மறுபடி வாசிக்க வேண்டும். மிக்ஸையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். எல்லாக் குமிழையும் கையாலேயே திருப்பி ஒரே மூச்சில் எடுத்தது என்பதால் பழையதைத் திருத்த வழியில்லை.

குடோன் பையன் ஒருவன் ஆறு நிமிடமும் பொறுமையாக நின்று கேட்டான். முடிந்ததும், “அண்ணே, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்றான். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறேன்.