பொறியியல் முதல் செமஸ்டர்: அரியர் எங்கே உருவாகிறது?

பிளஸ் டூ வரை பள்ளிதான் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தது. தினத் தேர்வு, வாரத் தேர்வு, மூன்று ரிவிஷன். கல்லூரியில் அந்த விரட்டல் சட்டென்று நின்றுவிடும். முதல் ஆறு வாரம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நன்றாகப் படித்து வந்த பிள்ளைக்கும் அரியர் (பாஸாகாமல் பாக்கி நிற்கும் தாள்) விழுவதற்கு அந்த ஆறு வாரம் போதும். அதனால் சேர்ந்த உடனே சில கணக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ஒழுங்குமுறையை வைத்துச் சொல்கிறேன். தன்னாட்சிக் கல்லூரிகளில் விதிகள் மாறலாம். 2025-ல் புதிய ஒழுங்குமுறையும் வந்துவிட்டது. உங்களுக்கு எது என்பதை முதல் வாரமே வகுப்பு ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். கணக்குப் போடும் வழி எல்லோருக்கும் ஒன்றுதான்.

தியரி பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரியிலேயே போடும் மதிப்பெண்) 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100-க்கு எழுதுவீர்கள், அது 60-க்குச் சுருக்கப்படும். பாஸாக இரண்டு நிபந்தனை: தேர்வுத்தாளில் குறைந்தது 45, இரண்டும் சேர்ந்து குறைந்தது 50. இன்டர்னலில் 23 வைத்திருப்பவர் தாளில் 45 எடுத்தால் போதும். 20 வைத்திருப்பவருக்கு 50 தேவை. 12 மட்டும் வைத்திருப்பவர் 64 எடுத்தாக வேண்டும். அதே கேள்வித்தாள், அதே மூன்று மணி நேரம். ஆனால் 19 மதிப்பெண் கூடுதல் சுமையோடு உள்ளே போகிறார்.

இன்டர்னலுக்கு இரண்டு மதிப்பீடுகள், ஒவ்வொன்றும் 100-க்கு. அதில் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார் போன்றவற்றுக்கு 40. அதாவது இன்டர்னல் 40-ல் 16 மதிப்பெண் அசைன்மென்டிலிருந்து வருகிறது. பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். கடைசி நாள் இரவு பக்கத்து பெஞ்சு நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுப்பதும், தேதி தாண்டிக் கொடுப்பதும், படிக்காமல் தேர்வுக்குப் போவதைப் போன்ற இழப்புதான். அசைன்மென்டை நேரத்துக்கு, சொந்தமாக எழுதிக் கொடுங்கள். லேப் அப்சர்வேஷன் நோட்டிலும் அன்றன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அடுத்தது வருகைப்பதிவு. ஒரு செமஸ்டர் ஏறத்தாழ 75 வேலைநாள். 75 விழுக்காடு வேண்டுமென்றால் 57 நாள் வந்திருக்க வேண்டும். கையில் இருப்பது 18 நாள்தான். 65 விழுக்காட்டுக்கும் 75 விழுக்காட்டுக்கும் நடுவில் இருந்தால் மருத்துவச் சான்று போன்ற தகுந்த காரணம் காட்ட வேண்டும். 65 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது, அந்த செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். ஹாஸ்டல் பிள்ளைகள் வெள்ளி மதியம் ஊருக்குக் கிளம்பித் திங்கள் மதியம் வகுப்புக்கு வருவார்கள். பார்த்தால் அரை நாள், அரை நாள்தான். பதினைந்து வாரம் அப்படியே போனால் 15 நாள் காலி. அதற்குப் பிறகு ஒரு வாரக் காய்ச்சல் வந்தாலே மாட்டிக்கொள்வார்கள்.

பாடங்களில் அதிகம் பயமுறுத்துவது கணிதம், அணிகளும் நுண்கணிதமும். ஐந்து யூனிட்டில் முதல் யூனிட்டை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐகன் மதிப்பு, கேலி-ஹாமில்டன் தேற்றம், இருபடி வடிவத்தை நியம வடிவத்துக்குக் கொண்டுவருவது எல்லாம் படி மாறாத கணக்குகள். தப்பு பெரும்பாலும் முதல் படியில், ஐகன் மதிப்புகளைத் தரும் சிறப்புச் சமன்பாட்டில் நடக்கும். ஒரு கூட்டல் குறி கழித்தல் குறியானால் பின்னால் வரும் நான்கு பக்கமும் வீண். அதனால் ஐகன் மதிப்புகள் வந்ததும் நிறுத்திச் சரிபாருங்கள்: அவற்றின் கூட்டுத்தொகை மூலைவிட்ட எண்களின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும், பெருக்குத்தொகை அணிக்கோவை மதிப்பாக இருக்க வேண்டும். சமச்சீர் அணியில் வெவ்வேறு ஐகன் மதிப்புகளுக்கான வெக்டர்களைப் புள்ளிப் பெருக்கல் செய்தால் பூஜ்யம் வர வேண்டும். அரை நிமிட வேலை, ஒரு பெரிய கேள்வியின் மதிப்பெண்ணைக் காப்பாற்றும். பல்தொகையிடலில் தொகையிடத் தெரிந்தும் எல்லையில் சறுக்குவார்கள். தொகையிடும் வரிசையை மாற்றும் கணக்கில் பகுதியைப் படம் வரையாமல் எல்லை எழுதவே எழுதாதீர்கள்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒன்று. உங்களுக்குப் பாடம் தெரியும். தெரியாதது ஆங்கிலப் பெயர்கள்தான். ஒரு நோட்டில் மேட்ரிக்ஸ் என்றால் அணி, டிட்டர்மினன்ட் என்றால் அணிக்கோவை, இன்டெக்ரேஷன் என்றால் தொகையிடல், மொமென்டம் என்றால் உந்தம் என்று வகுப்பில் கேட்கக் கேட்க எழுதி வாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பழைய பிளஸ் ஒன், பிளஸ் டூ தமிழ்ப் புத்தகங்களை விற்றுவிடாதீர்கள், முதலாண்டு முழுக்க உதவும். தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, மொத்தம் 20 மதிப்பெண். வரையறையை ஒரு வாக்கியத்தில் எழுதி, சூத்திரமும் அலகும் சேர்த்தால் போதும். பெரிய விடைகளில் படத்தை முதலில் வரைந்துவிட்டால் எழுத வேண்டிய ஆங்கிலம் பாதியாகும். சந்தேகத்தை வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்த் தமிழில் கேளுங்கள். தமிழில் கேட்பதால் யாருக்கும் மதிப்புக் குறைவதில்லை.

பணக்கவலையும் படிப்பைத் தின்னும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ₹1,000 உண்டு. பணம் வராமல் போவதற்கு ஒரு காரணம் வங்கிக் கணக்கு. கணக்கில் ஆதார் எண் பதிந்திருப்பது வேறு, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்திருப்பது வேறு. வங்கியில் இரண்டாவதைக் குறிப்பிட்டுக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அப்படியும் ஒரு தாள் போய்விட்டால், எதிர்பார்த்ததைவிட மதிப்பெண் மிகக் குறைவாக இருந்தால், முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வாங்கியவர்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும், இரண்டுக்கும் கடைசித் தேதி உண்டு. நகல் வந்ததும் கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டி, அவர் கணக்குப்படி எத்தனை மதிப்பெண் கூடும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.