ஓடிய நிமிடத்தைச் சொல்லும் பிளேயர்

காங்கேயத்திலிருந்து ஒரு தம்பி சென்ற வாரம் அழைத்தார். பார்வை இழந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன; குரூப் 4 தேர்வுக்காகத் தம் அக்கா வாசித்துப் பதிவு செய்து தரும் பாடங்களைக் கணினியில் கேட்டுப் படிக்கிறார். “பாடம் நல்லா ஓடுதுங்கண்ணா, ஆனா எத்தனை நிமிசம் ஓடியிருக்குதுன்னே தெரிய மாட்டேங்குதுங்க. எங்க போனாலும் ‘பட்டன், பட்டன்’னுதான் சொல்லுது” என்றார்.

நானும் பார்வையற்றவன் என்பதால் இந்தத் தவிப்பை நன்கறிவேன். திரையில் உள்ளதைப் பேசிச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான், படத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஒவ்வொரு பொத்தானின் பெயரையும் நிலையையும் அந்தந்த மென்பொருளிடமே கேட்டுப் பெறுகிறது. மென்பொருளை உருவாக்குபவர்கள் விண்டோஸ் தரும் வழக்கமான பொத்தான்களையும் பட்டியல்களையும் பயன்படுத்தினால் இந்த விவரங்கள் தாமாகவே கிடைக்கும். அழகுக்காகப் பொத்தான்களைத் தாமே வரைந்துகொண்டு பெயரிட மறந்துவிட்டால், “பட்டன்” என்ற ஒற்றைச் சொல்தான் நம் காதுக்கு மிஞ்சும்.

ஆகவே, ஒலியையும் காணொளியையும் இயக்கும் பிளேயர் எத்தனை வகைக் கோப்புகளை இயக்கும் என்பதைவிட, எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைச் சொல்லுமா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பாடங்களுக்கு என் தேர்வு ஃபூபார்2000 என்ற ஒலி பிளேயர். 2002 முதல் வெளிவரும் இந்த இலவச மென்பொருளின் தோற்றம் எளிமையானது. அந்த எளிமையே நமக்கு வாய்ப்பாகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ திரைவாசிப்பானில் ஃபூபார்2000க்கெனவே தனி விசைகள் உள்ளன. கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டோடும் ‘ஈ’ எழுத்தை அழுத்தினால் ஓடிய நேரத்தையும், ‘ஆர்’ எழுத்தை அழுத்தினால் மீதி நேரத்தையும் சொல்லும்.

காணொளிக்கு விஎல்சி பிளேயர் போதும். சதுர அடைப்புக்குறி விசைகளால் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். விட்ட இடத்திலிருந்து தொடரும்படியும் அமைக்கலாம். ஆனால் நேரம் காட்டும் விசையை அழுத்தினால் அது படத்தின்மேல் எழுத்தாகத் தோன்றுமே தவிர, பேச்சாக வராது. இந்த ஒரு குறைக்காகவே மணிக்கணக்கில் நீளும் பாடங்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

சென்னிமலையில் எங்கள் தெருவில் பகலெல்லாம் தறிச்சத்தம். பாடமும் திரைவாசிப்பானும் சேர்ந்து பேசினால் இரண்டுமே விளங்காது. என்விடிஏ பேசும்போது மற்ற ஒலிகளைத் தாழ்த்தும் அமைப்பு அதிலேயே இருக்கிறது. அது எனக்குப் பேருதவியாக உள்ளது. யாருக்காவது பிளேயர் நிறுவித்தரும் பார்வையுள்ளவர்கள், திரையை அணைத்து, மவுஸை ஒதுக்கிவைத்து, ஒரு கோப்பைத் திறந்து, நிறுத்தி, பத்து நிமிடம் பின்னே சென்று பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி வழியாகவே அந்தத் தம்பியின் கணினியில் எல்லாவற்றையும் அமைத்தோம். திங்களன்று அவரே அழைத்தார். 42ஆம் நிமிடத்தில் ஒரு பக்கம் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்து, அதை மட்டும் மீண்டும் வாசித்துத் தரும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறாராம்.