நல்லா இருக்கிறவங்க 240 பேர் தேவை

எங்கள் மருத்துவமனை லேபின் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு 'நார்மல் ரேஞ்சு' அச்சாகும். லேப்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரத்துக்காக ஆய்வுக்கு வந்தவர் அதில் விரலை வைத்து, "இதெல்லாம் யாருடைய ரத்தத்தில் இருந்து வந்தது மேடம்?" என்று கேட்டார். டெஸ்டுக்கான ரசாயனம், அதாவது ரீஏஜென்ட், வரும் பெட்டிக்குள் மடித்து வைத்து வரும் தாளில் இருந்து வந்தது. அந்தத் தாளின் எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க உடம்புகளுக்கு உரியவை. மருத்துவ லேப்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரம், ரேஞ்சு எதை வைத்து முடிவானது என்று எழுதி வைக்கச் சொல்கிறது. நாங்கள் இருப்பது திண்டுக்கல் பக்கம். சரி, நம் ஊர் ரத்தத்தில் பார்த்துவிடலாம் என்று இறங்கினோம்.

இதற்கு, லேப்களுக்கான தரங்களை வகுக்கும் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் இ.பி.28 என்ற வழிகாட்டி இருக்கிறது. அதில் ஒரு குறுக்குவழி உண்டு. ஆரோக்கியமான 20 பேரின் ரத்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு பேர் வரை பெட்டித் தாளின் எல்லையைத் தாண்டினால் பரவாயில்லை, அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் இதில் சிரமமில்லாமல் தேறிவிட்டன. அவற்றை உடம்பு எந்த நாட்டிலும் இறுக்கிப் பிடித்துத்தான் வைத்திருக்கிறது. தேறாதவை கிரியாட்டினின், கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி., ஹீமோகுளோபின்.

கிரியாட்டினினில் மேல் எல்லையை யாரும் தாண்டவில்லை. பெண்களில் பலர் கீழ் எல்லைக்கும் கீழே இருந்தார்கள். கிரியாட்டினின் தசையில் இருந்து வரும் கழிவு. தசை குறைவாக உள்ள உடம்பில் குறைவாகத்தான் இருக்கும். கீழே இருந்தால் என்ன ஆபத்து என்று கேட்கலாம். ஆபத்து மேலே இருக்கிறது. 40 கிலோ எடையுள்ள ஒரு அம்மாவுக்கு 1.1 வருகிறது. தாளின்படி அது எல்லைக்குள்தான், ரிப்போர்ட்டில் எந்தக் குறியும் விழாது. ஆனால் அவருக்கு வழக்கமாக 0.55தான் இருந்திருக்கும் என்றால், சிறுநீரகம் வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு டெஸ்டுக்காகவே முழு வேலையையும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது.

முழு வேலை என்றால் ஒரு பிரிவுக்குக் குறைந்தது 120 பேர். ஆண், பெண் தனித்தனி என்பதால் 240. "நோயாளியே இல்லாத டெஸ்டுக்கு யார் பில் கட்டுறது?" என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். டெஸ்டுகளின் பட்டியலை வெட்டிச் சுருக்கிக் கொடுத்த பிறகு ஒப்புதல் வந்தது. எத்திக்ஸ் கமிட்டி, ஒப்புதல் படிவத்தின் தமிழ் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. கூடவே இரண்டு விஷயங்களைச் சேர்க்கச் சொன்னது: ஒவ்வொருவருக்கும் அவரவர் ரிப்போர்ட்டைக் கட்டாயம் கொடுக்க வேண்டும், மிச்சமாகும் செரத்தை, அதாவது செல்களைப் பிரித்த பிறகு நிற்கும் ரத்த நீரை, பிற்பாடு பயன்படுத்தத் தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஆட்களை எங்கே பிடிப்பது? எல்லோரும் முதலில் சொல்வது ரத்ததானம் செய்பவர்களை. ஆனால் ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே இருந்தால் நம் நாட்டில் ரத்தம் எடுக்கமாட்டார்கள். அவர்களை வைத்து ஹீமோகுளோபின் ரேஞ்சு போட்டால் கீழ்ப்பக்கம் முன்கூட்டியே வெட்டப்பட்டிருக்கும். மருத்துவமனை ஊழியர்கள் என்றால் பாதிப் பேர் நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்தவர்கள். நர்சிங் மாணவிகள் எல்லோருக்கும் ஒரே வயது. அதனால் சின்னாளப்பட்டி நெசவாளர்கள், சுற்றுக் கிராமங்களின் மகளிர் குழுக்கள், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் என்று வெளியே போனோம்.

"உடம்புக்கு முடியாதவன் வந்தா டோக்கன் போட்டு உட்கார வைக்கிறீங்க, நல்லா இருக்கிறவனைத் தேடி வந்து ரத்தம் கேக்குறீங்க" என்று மார்க்கெட்டில் ஒரு பெரியவர் சொன்னார். சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். ஆனால் அவரைச் சேர்க்க முடியவில்லை. முந்தின இரவெல்லாம் மூட்டை தூக்கியிருந்தார். கடுமையான உடல் உழைப்புக்குப் பிறகு தசையில் இருந்து சி.கே. நொதி ஏறும், ஏ.எஸ்.டி.யும் கூடவே ஏறும். வழிகாட்டிகள் சில நாள் ஓய்வு கேட்கின்றன. தினக்கூலிக்காரரிடம் அதை எப்படிக் கேட்பது? ஊரில் பாதிப் பேர் செய்யும் வேலையையே காரணம் காட்டி விலக்கினால், மிச்சம் இருப்பவர்களை 'நம் ஊர் மக்கள்' என்று சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எங்களிடம் அதற்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. சி.கே.யைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டோம்.

கேள்வித்தாள்தான் உண்மையான சல்லடை. "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் இல்லை என்பார்கள். அப்புறம் பேச்சுவாக்கில் தைராய்டு மாத்திரை வெளியே வரும். "அது மாத்திரையா? தினம் போடுறதுதானே." அதனால் எங்கள் டெக்னீஷியன் ஒருவர் கேள்வியை மாற்றிவிட்டார்: "அக்கா, காலைல எந்திரிச்சதும் வாயில முதல்ல என்ன போடுவீங்க?" இதற்குப் பிறகு கேஸ் மாத்திரை, நாட்டு மருந்துக் கடைப் பொடி, லேகியம், வெற்றிலை புகையிலை எல்லாம் வரிசையாக வந்தன. குடிப்பழக்கத்தை ஆண்களிடம் கூட்டத்தில் கேட்டால் பயனில்லை, தனியே அழைத்துப் போய்த்தான் கேட்க வேண்டும். வெறும் வயிறு விஷயத்திலும் இதே கதைதான். பலருடைய கணக்கில் டீ, சாப்பாட்டில் சேராது.

ரத்தம் எடுத்த பிறகு நேரத்தோடு ஓட்டம். செல்களைப் பிரிக்காமல் ட்யூபை அப்படியே வைத்திருந்தால் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். ஐஸ் பெட்டியில் வைத்தால் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து ஏறிவிடும். எனவே சென்ட்ரிஃபியூஜையே வேனில் ஏற்றிக்கொண்டு போய், பள்ளிக்கூடத்திலோ ஊர்ச் சாவடியிலோ கரண்ட் வாங்கி அங்கேயே சுற்றினோம். உட்கார வைத்து கால் மணி நேரம் கழித்துத்தான் ஊசி. கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்குள் அவிழ வேண்டும். கரண்ட் போன ஊர்களில் எடுத்தவை கணக்கில் சேரவில்லை. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

எங்கள் குழுவுக்குள் சண்டை வந்தது ஹீமோகுளோபினில்தான். கேள்வித்தாளில் தேறிய பெண்கள், நன்றாக நடமாடுகிறவர்கள், காய்ச்சல் தலைவலி இல்லாதவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களின் எண்களை அப்படியே எடுத்துக் கீழ் எல்லை போட்டால், அது உலக சுகாதார நிறுவனம் பெண்களுக்குச் சொல்லும் 12-க்கு நன்றாகக் கீழே வந்தது. "இதுதான் நம் ஊர் நார்மல், இதைப் போட்டுவிடலாம்" என்றது ஒரு தரப்பு. எனக்குச் சம்மதமில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. அந்த ஊரில் போய் அளந்துவிட்டு வந்த எண்ணை நார்மல் என்பது, தெருவில் எல்லோருக்கும் கடன் இருப்பதால் கடனில்லாதவனைச் சந்தேகப்படுவது மாதிரி.

இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு டெஸ்டுக்கு ரேஞ்சு போடும்போது, அதோடு தொடர்புள்ள வேறு டெஸ்டில் குறை உள்ளவர்களை நீக்குவது. ஜப்பானின் கியோஷி இச்சிஹாரா இந்த முறையைப் பன்னாட்டு ஆய்வுகளில் பரவலாக்கினார். நாங்கள் ஃபெரிட்டின் 15-க்குக் கீழே இருந்த பெண்களை நீக்கினோம். அதாவது இரும்புச்சத்துக் கையிருப்பு தீர்ந்தவர்கள். கீழ் எல்லை மேலே ஏறியது, ஆனால் பட்டியல் பாதியாகச் சரிந்தது. திரும்பவும் மகளிர் குழுக்களுக்குப் போய் ஆள் சேர்த்தோம். கடைசியில் ஹீமோகுளோபினுக்குச் சொந்த ரேஞ்சே வேண்டாம், பெண்களுக்கு 12-ம் ஆண்களுக்கு 13-ம் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அவ்வளவு உழைப்புக்குப் பிறகு ஏன் என்று கேட்டவர்களுக்கு என் பதில்: அது சிகிச்சையை முடிவு செய்யும் எண். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 126 என்பதை யாரும் ஊருக்கு ஊர் மாற்றுவதில்லை. வைட்டமின் டி-யையும் இதே காரணத்துக்காகத் தொடவில்லை.

எஸ்.ஜி.பி.டி.யில் பிரச்சினை வேறு மாதிரி. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது, எண் மட்டும் ஏறும். 2002-ல் மிலானில் டேனியேலே பிராத்தி குழுவினர் ரத்ததானம் செய்தவர்களில் கொழுப்பு, சர்க்கரை, எடை எல்லாம் சரியாக இருந்தவர்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது, மேல் எல்லை ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று வந்தது. அதுவரை 40-ம் 30-ம் ஆக இருந்தது. நாங்களும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையின் அளவு) 23-க்கு மேல் உள்ளவர்களை விலக்கினோம். ஆசிய உடம்புக்கு அதிக எடை அங்கே தொடங்குவதாகத்தான் கணக்கு. தொப்பையோடு வந்த சிலருக்கு வருத்தம். எங்கள் மேல் எல்லையும் பெட்டித் தாளைவிடக் கீழே இறங்கியது.

கணக்குப் போடுவது இதையெல்லாம்விட எளிது. 120 எண்களையும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால், கீழிருந்து மூன்றாவது கீழ் எல்லை, மேலிருந்து மூன்றாவது மேல் எல்லை. மென்பொருளே வேண்டாம். ஓரத்தில் ஒரு எண் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால், அதற்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடுகிறதா என்று பார்த்து நீக்கலாம். ஆனால் இதில் ஒரு பயமும் இருக்கிறது. கீழ் எல்லையின் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எல்லை எங்கிருந்து எங்கு வரை இருக்கலாம் என்பது, முதலாவது எண்ணில் இருந்து ஏழாவது எண் வரை. மாவட்டத்துக்கே அச்சாகப் போகும் எல்லையை ஏழு பேரின் ரத்தம் தீர்மானிக்கிறது. டீ குடித்துவிட்டு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியதற்கு அப்போதுதான் எங்கள் டெக்னீஷியன்கள் என்னை மன்னித்தார்கள்.

பிறகு எத்திக்ஸ் கமிட்டி சொன்னபடி எல்லோருக்கும் ரிப்போர்ட் கொடுத்தோம். போன் வரத் தொடங்கியது. "ஸ்டார் போட்டிருக்கே மேடம், எனக்கு என்ன?" ரேஞ்சு என்பதே ஆரோக்கியமானவர்களில் நடுவில் உள்ள 95 சதவீதம்தான். மீதி 5 சதவீதம் பேரும் ஆரோக்கியமானவர்களே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், எல்லாமே எல்லைக்குள் வருவதற்கான வாய்ப்பு 36 சதவீதம்தான். மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்துவிட்டு ஒரு ஸ்டாருக்காகத் தூக்கம் கெட்டவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. ஆனால் போனில் இந்தக் கணக்கைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. ஒவ்வொருவரையும் மருத்துவரிடம் அனுப்பி, அவர் வாயால் சொல்ல வைத்தோம். ஃபெரிட்டின் குறைந்த பெண்களுக்கு இரும்பு மாத்திரை கிடைத்தது.

கிரியாட்டினின் புது ரேஞ்சு ரிப்போர்ட்டில் ஏறியதும் வார்டு மருத்துவர்களிடம் இருந்து முணுமுணுப்பு வந்தது. முன்பு சும்மா போன பெண்களுக்கெல்லாம் இப்போது குறி விழுகிறதாம். விழட்டும் என்றுதானே செய்தோம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த வழி சரிப்படாது. வயதுவாரியாக, மும்மாதவாரியாக 120 பேரை யார் தருவார்கள்? அதற்கு லேபில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பழைய ரிப்போர்ட்டுகளில் இருந்து ஆரோக்கியமானவர்களின் பங்கைக் கணக்கால் பிரித்தெடுக்கும் முறைகள் இருக்கின்றன. அதில் பழைய, எளிய ஒன்று சி.ஜி. பட்டாச்சார்யா 1967-ல் எழுதியது. அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் கிரியாட்டினின் ரீஏஜென்ட், நிறமாற்றத்தை வைத்து அளக்கும் பழைய ஜாஃபே முறையில் இருந்து நொதி முறைக்கு மாறுகிறது. முறை மாறினால் ரேஞ்சையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். இந்தத் தடவை வேன் வேண்டாம். தனிக் கையெழுத்து வாங்கிய மிச்ச செரம் மைனஸ் 80 ஃப்ரீசரில் இருக்கிறது. அதில் இருந்து 20 பேருடையதை எடுத்து இந்த வாரம் ஓட்டுகிறோம்.