போகிக்கு முன்னால் சுவர் துடைக்கிறவர்களுக்கு

பொங்கல் வேலை எங்கள் வீட்டில் தொடங்கிவிட்டது. ஒட்டடை அடித்தாயிற்று, அடுத்து சுவர். தண்ணீர் எடுக்கும் முன் என்ன பூச்சு என்று பாருங்கள். ஈரத்துணியால் ஓர் ஓரத்தில் தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டுகிறதா? அது சுண்ணாம்பாகவோ சாதா டிஸ்டெம்பராகவோ இருக்கும், உலர்ந்த துணியோடு விட்டுவிடுங்கள். நிறம் ஒட்டாத எமல்ஷன் பெயிண்ட் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு போதும்.

கீழிருந்து மேலே துடையுங்கள். சொன்னால் பலர் நம்புவதில்லை. மேலே தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு போட்டுவிடும், அது அப்புறம் லேசில் போகாது. சுவிட்சுப் பலகைப் பக்கம் போகும்போது மெயினை அணைத்துவிடுங்கள்.

மழையில் பூத்த பூஞ்சைக்குப் பலரும் பிளீச்சிங் பவுடர் கரைசல் எடுக்கிறார்கள். சரி, ஆனால் அதோடு கழிப்பறை ஆசிட்டைக் கலக்கவே கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சுவருக்குள் நீர்க்கசிவு இருந்தால் எதைப் போட்டாலும் பூஞ்சை திரும்ப வரும்.

பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் உரிந்து நின்றால் உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், ஈயத் தூசி பறக்கும். நனைத்துச் சுரண்டி, விழுந்ததை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். குழந்தைகளை அன்றைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.