முதல் பதினைந்து நாள்

வங்கியில் இறந்தவர்களின் கணக்கை முடித்துக் கொடுக்கும் மேஜைக்கு நான் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. எதிரே வந்து உட்காருபவரின் கையில் இருக்கும் ஃபைலைப் பார்த்தே, இறந்தவர் எப்படி இறந்தார் என்று ஓரளவு சொல்லிவிட முடியும். நீண்ட நாள் நோயில் போனவர் என்றால் ஃபைல் தடிமனாக இருக்கும்; மருத்துவமனை ரசீதுகளைக்கூட வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருப்பார்கள். கொலையில் ஒருவரை இழந்த வீட்டிலிருந்து வருபவரின் ஃபைலில் மட்டும் அநேகமாக ஒன்றுமே இருக்காது. காகிதங்கள் எல்லாம் போலீஸ் நிலையத்தில் இருக்கும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு பெரியவர். மகனைப் பறிகொடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மருமகளையும் இரண்டு குழந்தைகளையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தனியாக உள்ளே வந்தார்.

"தம்பி, அவன் கணக்குல காசு இருக்கு. கார்டு பர்ஸ்ல இருந்துச்சு, பர்ஸ் ஸ்டேஷன்ல இருக்கு. போன்ல எடுக்கலாம்னா போனும் அங்கதான் இருக்கு. ஓடிபி அந்தப் போனுக்குத்தானே போகும்? நான் என்ன பண்ணட்டும்?"

அவருக்கு நான் சொன்ன பதில் விதிப்படி சரியானதுதான். இறப்புச் சான்றிதழ் வேண்டும், நியமனதாரரின் (நாமினியின்) அடையாள அட்டை வேண்டும், மனு கொடுத்தபின் சில நாட்கள் ஆகும் என்றேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எழுந்து போகும்போது, "அதுவரைக்கும் எப்படி?" என்று என்னிடம் கேட்காமல் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்விதான் பின்னால், கொலையில் ஒருவரை இழந்த குடும்பங்களுக்குப் பணம் கொடுத்து உதவும் எங்கள் அறக்கட்டளை ஆனது.

சாதாரண மரணத்தில் மனிதர் போய்விடுகிறார். அவர் வைத்துவிட்டுப் போன பொருட்கள் குடும்பத்திடம் இருக்கின்றன. கொலையில் பொருட்களும் போய்விடுகின்றன. அவர் ஓட்டிய பைக், போன், போட்டிருந்த நகை, சட்டைப்பையில் இருந்த பணம் என எல்லாமே வழக்குச் சொத்து. வீட்டுக்குள் நடந்திருந்தால் வீட்டையே சில நாட்களுக்குப் பூட்டி வைத்துவிடுவார்கள். திறந்து கொடுத்தபின் உள்ளே கழுவிச் சுத்தம் செய்யும் வேலை, பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. பல பேருக்கு இது தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருந்தாலும், கொன்றவருக்கே கொலையால் லாபம் சேரக்கூடாது என்பது எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை உறுதிசெய்ய வேண்டி, நியமனதாரருக்கு இதில் தொடர்பில்லை என்று விசாரணையில் தெரியும்வரை நிறுவனங்கள் பணத்தை நிறுத்தி வைப்பதுண்டு. கணவனை இழந்து நிற்கும் பெண், தன்மேல் சந்தேகம் இல்லை என்று ஒரு காகிதம் வாங்கிவர அலைய வேண்டியிருக்கிறது.

அரசுகள் இதை யோசிக்காமல் இல்லை. நியூசிலாந்து 1963-லேயே குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே இழப்பீடு தரச் சட்டம் இயற்றியது. பிரிட்டன் 1964-ல் தொடங்கியது. இந்தியச் சட்டத்தில் 2009 டிசம்பர் 31 முதல் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. மனு, விசாரணை, பரிந்துரை, ஒப்புதல் எல்லாம் முடிந்துதான் பெரும்பாலும் அரசுப் பணம் வரும். பொதுப் பணத்துக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை வங்கி ஊழியனாக நான் மறுக்கமாட்டேன். ஆனால் வீட்டு வாடகை ஒப்புதலுக்குக் காத்திருப்பதில்லை.

அலுவலகத்தில் ஐந்து பேர் சேர்ந்தோம். சம்பளத்திலிருந்து மாதம் ஒரு தொகை எடுத்து வைத்தோம். அரசு செய்வதை நாம் செய்ய முடியாது, அரசு வந்து சேரும்வரை உள்ள இடைவெளியை மட்டும் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். முதல் பதினைந்து நாளுக்குள் பணம் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அதுதான் எங்கள் ஒரே விதியாக இருந்தது.

ஒரு விதி போதவில்லை. வங்கிக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்தால் என்ன செய்வோம்? விண்ணப்பப் படிவம் அச்சடித்தோம். நான்கு பக்கம். அதில் "சம்பவம் எவ்வாறு நடந்தது" என்று ஒரு கட்டம், "குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இறந்தவருக்கும் உள்ள உறவு" என்று இன்னொரு கட்டம். மூன்றாவதாக வந்த விண்ணப்பம் பேரக்குழந்தைகளை வைத்திருந்த ஒரு பாட்டியுடையது. மகளைக் கொன்றது மருமகன். உறவு கேட்ட கட்டத்தில் அவர் பேனாவை வைத்து அழுத்தியிருந்தார், எழுதவில்லை. காகிதத்தில் ஒரு புள்ளி மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. அந்தப் படிவத்தை எழுதியவன் நான்தான்.

அதோடு விடாமல் எங்களுக்குள் வாக்குவாதம் வேறு வந்தது. கொடுக்கும் பணம் குற்றவாளியின் குடும்பத்துக்கே போய்விடாதா என்று ஒருவர் கேட்டார். அப்போதுதான் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஐ.நா. பொதுச்சபை 1985 நவம்பரில் ஏற்றுக்கொண்ட பிரகடனத்தைத் தேடிப் படித்தேன். குற்றவாளி அடையாளம் காணப்பட்டாரா, பிடிபட்டாரா, தண்டிக்கப்பட்டாரா என்பதைப் பொருட்படுத்தாமலும், அவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் உள்ள குடும்ப உறவைப் பொருட்படுத்தாமலும் ஒருவரைப் பாதிக்கப்பட்டவராகக் கருதலாம் என்று அது சொல்கிறது. நெருங்கிய குடும்பத்தினரையும், இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்களையும் அந்தச் சொல்லுக்குள் சேர்க்கிறது. அந்தப் பத்தியைத் தமிழில் எழுதி எங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினோம். படிவத்தைக் கிழித்துப் போட்டோம். இப்போது கேட்பது மூன்றே விவரம்: இறந்தவர் பெயர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பணம் யார் கையில் போக வேண்டும்.

அந்த மூன்றாவது கேள்வியும் ஒரு தவறுக்குப் பிறகு வந்ததுதான். ஒரு வீட்டில் எல்லோர் சார்பிலும் பேசியவர் இறந்தவரின் அண்ணன். நிதானமாக, பொறுப்பாகப் பேசினார். அவர் கணக்குக்கே அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து இறந்தவரின் மனைவி, தெரிந்தவர் ஒருவர் மூலமாக எங்களிடம் உதவி கேட்டு வந்தார். முன்பு ஒரு தொகை அனுப்பியதே அவருக்குத் தெரியாது. அதிலிருந்து, அந்த வீட்டில் சமைப்பவர் யார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரிபவர் யார் என்று பார்த்துவிட்டு அவரிடம் தனியாகப் பேசாமல் பணம் கொடுப்பதில்லை.

நாங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்தும் ஒரு சிக்கல் வந்தது. குடும்பத்தில் யாராவது ஒருவர் வழக்கில் சாட்சியாக இருப்பார். அவருக்கு வெளியிலிருந்து பணம் வந்தது என்று தெரிந்தால், குறுக்கு விசாரணையில் "காசு வாங்கிக்கொண்டு சொல்கிறீர்களா?" என்று கேட்க வழி இருக்கிறது. ஒரு வழக்கறிஞர் இதை எடுத்துச் சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உதவுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வழக்கையே கெடுத்திருப்போம். அதனால் பணத்தை ரொக்கமாகத் தருவதில்லை, வங்கி வழியாகத்தான். "இந்த உதவிக்கும் வழக்கின் போக்குக்கும், அதில் யார் என்ன சொல்கிறார்கள் என்பதற்கும் தொடர்பில்லை" என்று எழுதிய கடிதம் கூடவே போகும். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து வழக்கைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்வோம்.

புகைப்படமும் எடுப்பதில்லை. நன்கொடையாளர்கள் சிலருக்கு இதில் வருத்தம். செய்தி சூடாக இருக்கும் வாரத்தில் பணம் தானாக வரும், படம் போட்டால் இன்னும் வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து ஒருநாள் தன் பெயரைத் தேடிப் பார்க்கும்போது, காசோலை வாங்கும் கையோடு அம்மா நிற்கும் படம் அதன் கண்ணில் படக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பதினைந்து நாள் என்று தொடங்கியவர்களுக்கு, வழக்கு ஆண்டுக்கணக்கில் போகும் என்பது போகப் போகத்தான் உறைத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பயணச் செலவு, ஒருநாள் கூலி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். போய் நின்று, தேதி மாற்றிவிட்டார்கள் என்று திரும்பிவருவார்கள். இரண்டு வாய்தாவுக்குக் கூலி போய்விட்டதால் மூன்றாவதற்கு ஒரு தாய் போகவில்லை. அன்றைக்குத்தான் அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். அதன்பிறகு வரும் பணத்தில் ஒரு பங்கை வாய்தா நாட்களுக்கென்றே ஒதுக்கிவிட்டோம். இதற்கு நன்கொடை கேட்பதுதான் கடினம். மூன்றாண்டுக்கு முன் நடந்த கொலைக்கு இப்போது பயணச் செலவு வேண்டும் என்று சொன்னால், கேட்பவருக்கு அந்தக் கொலையே நினைவில் இருக்காது. அதனால் அந்தப் பங்கு மட்டும் இன்றும் எங்கள் சம்பளத்திலிருந்துதான் போகிறது.

பெரியவரின் மகன் வழக்கு இன்னும் நடக்கிறது. போன் அங்கேயேதான் இருக்கிறது. மருமகள் வேலைக்குப் போகிறார். வாய்தாவுக்கு அவர்தான் போய்க்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, பெரியவருக்கு முன்போல் படியேற முடியவில்லை. போன வாரம் மேஜைக்கு வந்து, "யாராச்சும் கூட வந்தா போதும் தம்பி, காசு வேண்டாம்" என்றார். வியாழக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.